பூக்கும் முன் அறிய வேண்டிய பூண்டு

துறையூரிலிருந்து பெரம்பலூர் நோக்கிச் சென்றாலும், முசிறி நோக்கிச் சென்றாலும், உப்பிலியபுரம் வழியே பச்சைமலை அடிவாரத்திற்குச் சென்றாலும், தார் முடிந்து மண் தொடங்கும் சாலையோரத்தில் ஒரு செடி நம்முடன் வந்துகொண்டே இருக்கிறது. மழை பெய்து ஒரு மாதம் கழிந்தபின் பார்ப்போருக்கு, யாரோ பொரியை அள்ளித் தூவிச் சென்றதுபோல் அதன் வெண்பூக்கள் தோன்றும். பார்த்தீனியம் என்னும் அதன் பெயரை இன்று பள்ளிச் சிறாரும் அறிவர். விஷப்பூண்டு என்றும் மக்கள் சொல்கின்றனர். வடநாட்டில் அதற்குக் காரட் புல் என்றும், காங்கிரஸ் புல் என்றும் பெயர். தெலுங்கு நாட்டார் வய்யாரி பாமா, அதாவது ஒயிலாக அசைந்து நடக்கும் மங்கை என்று பெயரிட்டுள்ளனர். காற்றில் அது அசைவதைக் கண்டோர் அப்பெயரின் பொருத்தத்தை உடனே உணர்வர்.

பூத்து நிற்கும் பார்த்தீனியத்தை அடையாளம் காண எவருக்கும் உதவி தேவையில்லை. ஆயின், பூத்தபின் அதனை அறிவதால் விளையும் பயன் சிறிதே. ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் முளைத்து, வளர்ந்து, பூத்துவிடும் செடி அது. நம் மக்கள் அதனைப் பிடுங்கப் புறப்படும் வேளையில் அதன் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆதலால் அதன் இளம்பருவத் தோற்றத்தை அன்பர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு நம் நோக்கம்.

முதற்கண் ஒரு தெளிவு. புல் என்று பெயர் பெற்றிருப்பினும் இது புல் அன்று. புல்லினத்தின் தண்டு கணுக்கணுவாக இருக்கும். இலை நீண்டு, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓட, இலையின் அடிப்பகுதி ஓர் உறைபோல் தண்டைத் தழுவி நிற்கும். அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் ஊசிப்புல்லும் இவ்வினத்தன; நெல்லும் சோளமும் கரும்பும் மூங்கிலுங்கூட இவ்வினத்தனவே. பார்த்தீனியமோ சூரியகாந்தி, செவ்வந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். புல் என்று கேட்டவுடன் மாடு மேயும் என்ற எண்ணம் எழுகிறது. அறுத்து வந்து தொழுவத்தில் போடலாம் என்ற எண்ணமும் எழுகிறது. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

கிரேக்கம் கற்றோருக்கு அதன் அறிவியற் பெயரும் சற்று வியப்பளிக்கும். பார்த்தெனோஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கன்னி என்பது பொருள். பண்டைக் கிரேக்கர் வேறொரு மூலிகைக்கு வழங்கிய பெயரே பிற்காலத்தில் இவ்வினத்திற்கு வந்து சேர்ந்தது. குருமடத்தில் அச்சொல்லை எத்துணையோ வணக்கத்துடன் கற்ற நமக்கு, சாலையோரத்துக் களையொன்றின் பெயரில் அதனைக் காண நேர்ந்ததில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது.

இதன் தாயகம் வெப்ப அமெரிக்கா. மெக்சிகோ வளைகுடாவைச் சூழ்ந்த நாடுகள். இந்தியாவிற்கு அமெரிக்கக் கோதுமையோடு வந்தது, பி.எல். 480 திட்டத்தின் கொடை அது என்பது ஊரறிந்த கதை. 1956ஆம் ஆண்டில் ஆர். எஸ். ராவ் என்னும் தாவரவியலார், புனே நகரில் இச்செடி காணப்படுவதை எழுதி அறிவித்தார். பி.எல். 480 திட்டத்தின்கீழ் நம் நாடு முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அதே 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான். கையெழுத்திட்ட ஆண்டிலேயே களை வேரூன்றிப் பரவி அறிஞர் கண்ணிலும் பட்டுவிட்டது என்பது நம்பத் தக்கதாயில்லை. ஆயினும், 1951ஆம் ஆண்டிலேயே பஞ்சத்தைத் தணிக்க அமெரிக்கா கடனாக அளித்த கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கியது. அதற்கும் நெடுங்காலம் முன்னரே, கல்கத்தாத் தாவரத் தோட்டத்துச் செடிகளைப் பற்றி ராக்ஸ்பரோ 1814இல் வெளியிட்ட பட்டியலில் இதன் பெயர் உள்ளதென ஆய்வாளர் காட்டுகின்றனர். கோதுமையின் வழியே வந்தது என்பதை நாம் மறுக்கவில்லை; திட்டத்தின் பெயரைச் சொல்வதில் மட்டும் சிறிது நிதானம் வேண்டும் என்கிறோம். எவ்வாறு வந்ததாயினும், இருபது ஆண்டுகளுக்குள் தக்காணம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டது. 1975இல் கர்நாடக அரசு அதனைத் தீங்கு விளைக்கும் களையெனச் சட்டப்படி அறிவிக்க நேர்ந்தது.

இனி அதன் இளமைத் தோற்றத்திற்கு வருவோம். மழை பெய்து ஈரம் கண்ட மண்ணில் முதலில் இரு சிறு வித்திலைகள் தோன்றும். அடுத்து வரும் இலைகள் தண்டில் ஏறுவதில்லை. தரையோடு தரையாய், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல், நடுவிலிருந்து நாற்புறமும் வட்டமாகப் படிந்து விரியும். பார்ப்பவர் காரட் நாற்று என்றோ, செவ்வந்திக் கன்று என்றோ கருதுவர். இலை வெளிறிய பச்சை நிறமுடையது. நடுநரம்பு வரை ஆழமாக வெட்டுண்டு, அவ்வெட்டுத் துண்டுகளும் மீண்டும் வெட்டுண்டிருக்கும். அதன்மேல் மென்மயிர் படர்ந்திருக்கும். தன் இலைவட்டத்தின் கீழ் வேறு எதனையும் முளைக்கவிடாது அடைத்துக்கொள்ளும் பருவம் இது. மழை தொடராவிடில் இதே நிலையில் பல நாள் காத்திருக்கவும் அதற்குத் தெரியும்.

பின்னர் நடுவிலிருந்து தண்டு எழும். விரலால் தடவினால் நீளவாக்கில் வரிவரியாய்ப் பள்ளமும் மேடும் தட்டுப்படும். (தடவிப் பார்க்கச் சொல்லவில்லை, கண்ணாலேயே காணலாம்.) தண்டில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக, மாறி மாறி அமையும், மேலே போகப் போகச் சிறுத்துவிடும். இடுப்பளவு, நல்ல மண்ணாயின் ஆளுயரமும் வளர்ந்து, உச்சியில் பற்பல கிளைகளாகப் பிரியும். ஒவ்வொரு கிளை நுனியிலும் நான்கு மில்லி மீட்டர் அகலமே உள்ள வெண்ணிறப் பூந்தலைகள் நிறைந்திருக்கும். ஒன்றை உற்று நோக்கினால் வட்டமாகத் தோன்றுவது ஐந்து மூலை கொண்டதாக இருப்பது தெரியும். அம்மூலைக்கு ஒன்றாக நிற்கும் ஐந்து சிற்றிதழ்ப் பூக்களே விதை தருகின்றன. நடுவில் உள்ளவை தருவதில்லை. ஆகவே ஒரு பூந்தலைக்கு ஐந்து விதைகள். ஐந்துதானே என்று இகழ வேண்டாம். ஒரு செடியில் ஆயிரக்கணக்கான பூந்தலைகள். ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை ஈனும் என்று கணக்கிட்டுள்ளனர். மண்ணில் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

இதனோடு மயங்குதற்குரிய செடிகள் நம் பக்கத்தில் சில உண்டு. வெட்டுக்காயப் பூண்டு தரையில் படர்வது. இலைகள் எதிரெதிராக அமைவன. நீண்ட காம்பின் நுனியில் ஒரேயொரு பூ, நடுவில் மஞ்சளாக, ஓரத்தில் வெளிறியதாக நிற்கும். காயம் பட்டவுடன் அதனைக் கசக்கிப் பிழிவது நம் சிற்றூர்களின் பழக்கம். அவசரத்தில் அதற்குப் பதிலாகப் பார்த்தீனியத்தைப் பிடுங்கிப் பிழிந்தால் விளைவு வேறாகும். வெள்ளைப் பூவுடைய கரிசலாங்கண்ணியை வாய்க்கால் ஓரத்தில் காணலாம். அதன் இலை வெட்டுப்படாத முழு இலை, எதிரெதிரே அமைந்தது. கசக்கினால் சாறு கறுக்கும். செண்டுப்பூச் செடியின் இலையும் பிளவுபட்டதே; ஆயின் அதன் மணமே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஐயம் நீங்காதவர், கையுறை அணிந்து ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கிடையே வைத்து எடுத்துச் சென்று அறிந்தாரிடம் காட்டலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ அடிகள் 1967இல் நிறுவிய ராபினாட் உலர்தாவர நிலையம், இத்தகைய ஐயங்களைத் தீர்ப்பதற்கென்றே அமைந்தாற்போன்ற இடம். தமிழகச் சமவெளியின் செடிகொடிகளைப் பற்றி அவர் 1980களின் முற்பகுதியில் வெளியிட்ட பெருநூலைப் புரட்டினால், காலணி தேய நடந்து சேகரித்த ஒரு குருவானவரின் உழைப்பு பக்கந்தோறும் தெரியும்.

இளமையில் அடையாளம் காண்பது பற்றிப் பேசும்போது, மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்துக் களைகள் உவமை நினைவுக்கு வருவது இயல்பு. கோதுமைக்கு நடுவே பகைவன் விதைத்த அக்களை, மெய்யாகவே ஒரு புல். கதிர் விடும்வரை கோதுமையிலிருந்து அதனைப் பிரித்தறிவது அரிது என்று விரிவுரையாளர் கூறுவர். அதனாற்றான் அறுவடைவரை விட்டுவைக்குமாறு வீட்டுத் தலைவர் பணிக்கிறார். அவ்வாசகம் வந்த ஞாயிறன்று நம் பங்கின் உழவர் ஒருவர் வாயிலில் நின்று, "சாமி, அப்போ வெங்காயக் காட்டுல களை வெட்ட வேண்டாங்களா?" என்று குறும்புடன் கேட்டார். உவமை மனிதரைப் பற்றியது, வெங்காயத்தைப் பற்றியதன்று என்று விடை கூறி அனுப்பினோம். பார்த்தீனியத்தைப் பொறுத்தவரை அறுவடைவரை பொறுப்பது அதற்கே விளைச்சலாக முடியும். கதிர் விடும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. அதன் இலைவட்டமே அதன் முகவரி.

மேய்ச்சல் நிலத்தை அது கைப்பற்றும் முறை கவனிக்கத் தக்கது. ஆடுமாடுகள் பொதுவாக இதனைத் தொடுவதில்லை. சுற்றியுள்ள அருகையும் கொழுக்கட்டைப் புல்லையும் மொட்டையாக மேய்ந்துவிட்டு இதனை மட்டும் விட்டுவிடுகின்றன. வெற்றிடமான மண்ணில் இதன் விதைகள் முளைக்கின்றன. மேலும், இதன் வேரிலிருந்தும் உதிர்ந்த இலையிலிருந்தும் கசியும் பொருள்கள் பிற விதைகள் முளைப்பதையும் தடுக்கின்றன. இவ்வாறு, மிகுதியாக மேய்க்கப்பட்ட புறம்போக்கு நிலம் ஆண்டுக்காண்டு புல்லை இழந்து பூண்டைப் பெறுகிறது. கோடையில் வேறொன்றும் கிடையாமல் பசியால் இதனை உண்ணும் கால்நடைகளுக்கு வாயில் புண்ணும் தோலில் அரிப்பும் உண்டாகின்றன. பாலில் கசப்பு ஏறுகிறது. மிகுதியாக உண்டால் உயிருக்கே கேடு. இரண்டு பசுக்களை வைத்துப் பிழைக்கும் கைம்பெண்ணுக்குப் பால் கசந்தால் அன்றைய கூலி போயிற்று.

மனிதருக்கு வரும் துன்பம் இன்னும் மோசமானது. செடியில் உள்ள பார்த்தெனின் என்னும் பொருளே இதற்குப் பெருங்காரணம். முதன்முறை தொட்டவுடன் எல்லாருக்கும் ஒன்றும் நேர்வதில்லை. "பத்து வருசமா வெறுங்கையால புடுங்குறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்போர் பலர். பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் பழகிய பின்னரே உடல் அதனைப் பகையாகக் கருதத் தொடங்குகிறது. ஒருமுறை அவ்வாறு தொடங்கிவிட்டால், பின் செடியைத் தொட வேண்டியதுமில்லை. காய்ந்த செடியின் தூள் காற்றில் வந்தாலே போதும். கண்ணிமை, முகம், கழுத்து, முழங்கை மடிப்பு என ஆடை மூடாத இடங்களில் அரிப்புத் தோன்றிச் சிவந்து, நீர் வடிந்து, நாளடைவில் தோல் கறுத்துத் தடித்துப் போகிறது. மகரந்தத்தால் மூக்கடைப்பும் இடைவிடாத தும்மலும் வருவோர் வேறு. புனே நகரின் மருத்துவர்கள் 1970களிலேயே இந்நோயாளரைப் பற்றி விரிவாக எழுதினர், உயிரிழந்தோரும் உண்டு.

நம் பங்கில் வயல்வேலை செய்து முதுமையடைந்த ஒருவருக்கு நெற்றியும் கன்னமும் தடித்து, காதுமடல் வீங்கி, முகமே மாறிப்போயிற்று. தொழுநோய் என்று ஐயுற்ற அண்டை வீட்டார் அவருக்குத் தனிக் குவளை வைத்தனர். அவரோ கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்து, இது செடியால் வந்த ஒவ்வாமை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்று சொன்ன பின்னரே அவர் மீண்டும் தம் பழைய இடத்தில், தூணுக்கு அருகில் வந்து அமர்ந்தார். நோயைவிட அக்குவளை அவரை அதிகம் வருத்தியது என்பதை நாம் அறிவோம். முகம் தடித்தவரைக் கண்டால் முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். பெயர் சூட்டும் வேலையை அவர் பார்த்துக்கொள்வார்.

அழிக்கும் வழிகளில் கையால் பிடுங்குவதற்கு ஈடானது இல்லை என்றே சொல்வோம். ஆயின் காலமும் முறையும் அறிந்து செய்ய வேண்டும். மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும்போது, இலைவட்டமாக இருக்கும் பருவத்தில், களைக்கொத்தால் வேரோடு எடுத்தல் வேண்டும். அரிவாளால் அறுத்தால் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். கையுறை இல்லாவிடில் கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளலாம். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தவுடன் குளித்து, அவ்வாடைகளைத் தனியே துவைக்க வேண்டும். முன்னரே அரிப்பு உள்ளவர் இவ்வேலைக்கு வரவே கூடாது. பூக்காத செடிகளைக் குழியிலிட்டு எருவாக்கலாம். பூத்தவற்றை எருக்குழியில் போடுவது அடுத்த ஆண்டு வயலெங்கும் விதைப்பதற்கு ஒப்பாகும்.

பயிரில்லாத வெற்றிடங்களில் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையலுப்பைக் கரைத்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, பூக்கும் முன் இலை நனையத் தெளிக்கும் முறையை வேளாண்மைத் துறையினர் பரிந்துரைக்கின்றனர். கிணற்றடியிலும் வயல் வரப்பிலும் உப்பைக் கொட்டுவது அறிவுடைமையன்று. புல்லை விட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் அழிக்கும் 2,4-டி என்னும் மருந்தும் உண்டு. ஆயின் நம் பக்கம் பருத்தி விளையும் பூமி. அம்மருந்தின் சாரல் காற்றில் வந்து பட்டாலே பருத்தி இலை சுருண்டு கெடும். அண்டை நிலத்துக்காரருடன் பகை வேண்டாதவர் எண்ணிப் பார்த்துச் செய்வது நல்லது.

இதற்கு இயற்கைப் பகைவன் ஒன்றும் உண்டு. மெக்சிகோ நாட்டிலிருந்து 1983இல் கொண்டுவரப்பட்டு, 1984இல் பெங்களூரில் விடப்பட்ட சிறு வண்டு அது. அரை சென்டி மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளம். வெளிறிய முதுகில் கருநிறக் கோடுகள் நெளியும். வண்டும் புழுவும் இலையைத் தின்று செடியைக் குச்சியாக்கிவிடும். 1990களின் தொடக்கத்தில், இது சூரியகாந்தியையும் தின்கிறது என்று கர்நாடக உழவரிடையே பேரச்சம் எழுந்தது. ஒரே குடும்பத்துச் செடிகள் ஆதலின் அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆய்ந்து பார்த்தபின் பெருந்தீங்கில்லை எனத் தெளிந்து, மீண்டும் விடலாயினர். மழைக்காலத்தில் மட்டுமே உழைத்து, வறண்ட காலத்தில் மண்ணுக்குள் உறங்கிவிடுவதால், இதனை மட்டும் நம்பியிருக்க இயலாது. ஆயினும் பார்த்தீனியத்தில் கோடிட்ட வண்டைக் கண்டால் நசுக்காமல் விட்டுவிடுங்கள்.

நம் மண்ணின் செடிகளே அதனோடு போட்டியிட வல்லவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆவாரை, தகரை, கொழுஞ்சி ஆகியன நெருங்கி வளர்ந்த இடத்தில் பார்த்தீனியம் எளிதில் கால் ஊன்றுவதில்லை. சாலையோரத்து ஆவாரையை விறகுக்கும் வேலிக்கும் வெட்டித் தீர்த்த இடங்களில்தான் அது செழிக்கிறது. பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் இவற்றின் விதையைத் தூவலாம். செலவில்லாத வேலை, சிறுவர்களே செய்துவிடுவர்.

இது நம் ஊரின் தனிப்பட்ட துயரம் அன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், 1960இல் அமெரிக்காவின் டெக்சாசிலிருந்து வாங்கிய மேய்ச்சல் புல்விதையோடு கலந்து வந்து, பரந்த மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கியது. நல்ல புல்லை விதைப்பதாக எண்ணி இதனை விதைத்தனர். இலங்கையில் 1999இல் வவுனியாவில் இது கண்டறியப்பட்டது. இந்திய அமைதிப் படைக்கு உணவுக்கென அனுப்பிய ஆடுகளோடு போயிற்று என்று அங்கே சொல்கின்றனர். விதையோடும், வைக்கோலோடும், லாரிச் சக்கரத்துச் சேற்றோடும், சாலைக்குக் கொட்டும் கிராவல் மண்ணோடும் இது பயணம் செய்கிறது. வெளியூரிலிருந்து மண்ணோ எருவோ வாங்கிக் கொட்டுவோர், கொட்டிய இடத்தை அடுத்த இரண்டு மழைகளுக்குப் பின் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்வது நலம்.

ஜபல்பூரில் உள்ள மத்தியக் களை ஆராய்ச்சி இயக்குநரகத்தார் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கச் செய்கின்றனர். வடநாட்டின் மழைக்கு அது பொருந்தும். நமக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை. அதனோடு இணைந்த ஒரு வழக்கத்தைப் பற்றி நம் குடும்பங்களுக்குத் தனியே சொல்ல வேண்டியுள்ளது.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, தாய் தந்தையர் கல்லறையைச் சுற்றிப் புதர் நீக்கிச் சுண்ணாம்பு அடிக்கிறோம். ஆவணி, புரட்டாசி மழையில் முளைத்த பார்த்தீனியம் அந்நாளில் பூத்து, விதை முற்றிக் காத்திருக்கும். குழந்தைகளும் முதியோரும் வெறுங்கையால் அதனைப் பிடுங்கி, சுவரோரமாக இழுத்துச் சென்று குவித்துத் தீ வைக்கின்றனர். இழுத்துச் சென்ற வழியெல்லாம் விதை. புகையோ கண்ணையும் மூச்சையும் வாட்டுகிறது. திருநாளன்று மாலை மந்திரிப்புக்கு நிற்கும் கூட்டத்தில் தும்மலும் இருமலும் ஓயாமல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே இவ்வாண்டு முதல் நம் கல்லறைத் தோட்டத்து முதற்பணியைச் செப்டம்பர்த் திங்களின் கடைசிச் சனிக்கிழமைக்கு மாற்றியுள்ளோம். அன்பியத்திற்கு ஒரு வரிசை. வளர்ந்தோர் மட்டுமே வரவேண்டும். களைக்கொத்தும், முழுக்கைச் சட்டையும், மூக்கை மூடத் துண்டும் கொண்டுவர வேண்டும். கையுறைகள் பங்கு அலுவலகத்தில் கிடைக்கும். தரையோடு படிந்த இலைவட்டங்களைத் தேடி எடுப்பதே அன்றைய வேலை. எங்கேனும் ஏற்கெனவே பூத்த செடி இருப்பின், அதன் தலையில் முதலில் சாக்கைக் கவிழ்த்து மூடி, பிறகு வேரைப் பெயர்த்து, சாக்கின் வாயை அங்கேயே கட்டிவிடுங்கள். கட்டிய சாக்குகளைத் தோட்டத்தின் மேற்கு மூலையில் தோண்டியுள்ள ஆழக்குழியில் சேர்க்க வேண்டும். குழி இடுப்பளவு உள்ளது. போதாவிடில் இன்னும் ஒரு முழம் தோண்டிக்கொள்ளலாம்.